மூங்கிலுக்கு ஒரு காவல்

செல்போன் கடை முதலாளி தர்மலிங்கம், கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் அதிர்ஷ்ட மூங்கிலை வாங்கி வைத்தார். வைத்ததோடு சரி, ஜாடித் தண்ணீரை மாற்றவேயில்லை. தண்ணீர் நாறியது. மூங்கிலுக்கு மூச்சு முட்டி, தண்டெல்லாம் மஞ்சளடித்தது.

"கண்ணு பட்டிருச்சு," என்று பதறிய முதலாளி, டம்ளர் தண்ணீரில் ஓர் எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு மூங்கிலின் பக்கத்தில் வைத்தார். அந்தத் தண்ணீரை மட்டும் தினமும் காலையில் தவறாமல் மாற்றினார்.

"பயப்படாதே, உனக்குக் காவலாகத்தான் வந்திருக்கிறேன்," என்றது எலுமிச்சை, புதுத் தண்ணீரில் புரண்டபடி.

"ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு நாள் இடம் மாறிக்கொள்வோமா?" என்றது மூங்கில்.

"ஐயையோ, அதெல்லாம் சாஸ்திரத்தில் இல்லை!"

மூங்கில் அழுகிச் சாய்ந்ததும் முதலாளி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நமக்கு வர இருந்ததை இது வாங்கிக்கிச்சு. ராசியான செடின்னா இதுதான்!" என்று குப்பையில் போட்டுவிட்டு, எலுமிச்சைக்குத் தண்ணீர் மாற்றினார்.