ஹார்லன் வீட்டு ஸ்பீக்கர்

எதிர்வீட்டு ஹார்லனுக்கு எழுபத்தெட்டு வயது. என் மனைவி நோரீன் தினமும் சாயங்காலம் அங்கே போய் உட்காருவதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. அவரிடம் ஏதோ அருமையான ஸ்பீக்கர் இருக்க வேண்டும்; என் வயிற்றெரிச்சலெல்லாம் அதன்மேல்தான்.

“அங்க ஒரு மணி நேரம் உக்காந்தா தலைவலி பறந்துடுது டெக்ஸ்டர்” என்பாள்.

“என்ன ஸ்பீக்கர் வச்சிருக்கார்?”

“நான் கவனிக்கல.”

முந்நூறு டாலருக்குள் ஒரு நல்ல ஸ்பீக்கர் ஜோடி தேடி, ஆறு மாதமாக எங்கள் டூலூத் நகர் முழுக்க அலைகிறேன். வாங்குவேன், புத்தக அலமாரியில் வைப்பேன், ஒரே டிரம்ஸ் பாட்டை முப்பது தடவை ஓட்டிப் பார்ப்பேன். திருப்தி இல்லையென்றால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். இது நாலாவது ஜோடி.

“இப்ப கேளு. பேஸ் எப்படி, டம் டம்னு இறங்குதா?”

“போன ஜோடி மாதிரியேதான் இருக்கு.” நோரீன் செருப்பை மாட்டினாள்.

“அப்படி என்னதான் இருக்கு அந்தக் கிழவன் வீட்டுல?”

“வந்துதான் பாரேன்.”

பாட்டை ஓடவிட்டபடியே அவள் பின்னால் போனேன். ஹார்லன் வீட்டில் ஒரு சோபா, இரண்டு நாற்காலி. நோரீன் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் சுவர் சுவராகத் தேடினேன்.

“ஸ்பீக்கர் எங்க ஹார்லன்?”

“என்கிட்ட ஏதுப்பா? ரேடியோகூடக் கிடையாது.”

“அப்ப இவ தினம் இங்க என்ன பண்றா?”

நோரீன் கண்ணைத் திறக்காமலே உதட்டில் விரலை வைத்தாள்.

அந்த அமைதியில், தெருவைத் தாண்டி என் டிரம்ஸ் கேட்டது. பேஸ் அருமையாகத்தான் இருந்தது.

ஹார்லன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.