சண்டையில்லாத இரண்டு வருஷம்

"இவர் ஒரு ஊமைக்குசும்பன் மேடம். முதல்ல அதை எழுதுங்க!" என்றாள் மனைவி.

வக்கீலம்மாவின் விரல்கள் கம்ப்யூட்டரில் அப்படியே நின்றன. விவாகரத்து மனுவை ஆங்கிலத்தில் அடித்துத்தான் அவருக்குப் பழக்கம். ஊமைக்குசும்பனுக்கு ஆங்கிலத்தில் எங்கே போவது? 'சைலன்ட் காமெடியன்' என்று அடித்துப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு அழித்தார்.

"இவ மட்டும் என்னவாம்?" என்று கணவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "நேத்து என்னை மண்ணாந்தைன்னா. அதுவும் எங்க அக்கா முன்னாடி!"

"நீங்க என்னை அடங்காப்பிடாரின்னீங்களே, அது எதுல சேர்த்தி?"

இந்த வாய் நிச்சயம் பிறந்த வீட்டுச் சீதனம்தான் என்று வக்கீலம்மா முடிவு கட்டினார். அடங்காப்பிடாரியையும் 'டிஸ்ஒபீடியன்ட் கேர்ள்' என்று மொழிபெயர்த்துப் பார்த்தார். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு மாதிரி இருந்தது. உலகம் பூராவும் பேசுகிற பாஷை, ஒரு நல்ல வசவுக்கு வக்கில்லையே! இதைப் படிக்கிற ஜட்ஜ், இதெல்லாம் ஒரு சண்டையா என்றுதான் கேட்பார்.

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"மூணு."

"ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தானா?"

இருவரும் ஒரே நேரத்தில் இல்லையென்று தலையாட்டினார்கள்.

"முதல் ரெண்டு வருஷம் ஒரு சண்டை கிடையாது" என்றான் கணவன். "ஆபீஸ்லேர்ந்து வந்தா, இன்னிக்கு எப்படி இருந்துச்சும்பா. நல்லா இருந்துச்சும்பேன். வீடு அவ்ளோ அமைதியா இருக்கும்."

"நடுவுல யாராவது வந்து கலகம் பண்ணிட்டாங்களா? மாமியார்?"

"ஐயோ, அத்தை தங்கம் மேடம்!" என்றாள் மனைவி.

வக்கீலம்மாவுக்கு மனசு இளகிவிட்டது. விவாகரத்து வாங்கிக்கொடுத்தே தலை நரைத்தவர்தான். ஆனாலும் ஒரு ஜோடியைச் சேர்த்துவைத்து அனுப்புகிற நாளில்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

"நான் சொல்றதைக் கேளுங்க. மனுவை ஒரு மாசம் தள்ளிப் போடுவோம். அந்த ரெண்டு வருஷம் எப்படிப் பேசிக்கிட்டீங்களோ, அச்சு அசலா அப்படியே பேசுங்க. எல்லாம் சரியாயிடும்."

கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது.

"வேணாம் மேடம்" என்றான் மெதுவாக. "அதுக்கு இவ திட்டுறதே தேவலை. திட்டுறப்பதான் இவ மனசுல என்ன இருக்குன்னே எனக்குத் தெரியுது. அடிச்ச மனுவை அழிச்சுடுங்க."

வக்கீலம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "அப்படி என்னதான் பேசிக்கிட்டீங்க அந்த ரெண்டு வருஷம்?"

"இங்கிலீஷ்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள் மனைவி. "என் பாஷை இவருக்குத் தெரியாது, நான் தமிழ் கத்துக்கிட்டதே போன வருஷம்தான், அத்தைகிட்ட!"