சூடு ஆறாத கட்டில்

கதவைத் தட்டாமல்தான் திறந்தேன். என் வீடு, எதற்குத் தட்ட வேண்டும்?

சாயங்கால நேரம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அந்த ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர்கள் தரையில் நெருக்கிப் படுத்திருந்தார்கள். ஒருவன் காலடியில் இன்னொருவன் தலை. எல்லோரும் ராத்திரி வேலைக்குப் போகிறவர்கள். குறட்டை காதைப் பிளந்தது.

கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்லியிருந்தார். பேசியதற்கு மேல் ஓர் ஆள் இங்கே தங்குகிறானாம். அது உண்மையானால் இன்றைக்கே அத்தனை பேரையும் வெளியே அனுப்பிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டுதான் படியேறினேன். வாடகை வாங்க எனக்கு ஆள் உண்டு. வீட்டை வாங்கிய பிறகு நானே இந்த மாடிக்கு ஏறியது இன்றுதான்.

எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்திலும் இவர்களைப் பற்றித்தான் பேச்சு. நம்மைப் போல வேறொரு தேசத்திலிருந்து வெறுங்கையோடு இங்கே வந்தவர்கள்தானே, ஏன் இன்னும் இப்படியே கிடக்கிறார்கள்? நமக்குக் கடை இருக்கிறது, வீடு இருக்கிறது, பிள்ளைகள் டாக்டர், வக்கீல் என்று ஆகிவிட்டார்கள். அவர்களோ நாம் உதறிய வேலையைப் பார்த்துக்கொண்டு, நாம் காலி செய்த அறையில் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் அவர்கள் தோளில் தொங்குவதுகூட நாம் தானமாகக் கொடுத்த கோட்டுதான்.

அவர்களுக்கு ஒற்றுமை போதாது என்பார் ஒருவர். உழைப்பு போதாது என்பார் இன்னொருவர். இரண்டு வேலை பார்க்கிறவனைப் பற்றி அப்படிச் சொல்ல, ஹீட்டர் போட்ட அறையில் உட்கார்ந்து காபி குடித்தால்தான் முடியும்.

"நாம ஒருநாளும் இப்படி ஆடுமாடு மாதிரி அடைஞ்சு கிடக்கலப்பா" என்று முடிப்பார் தலைவர்.

பச்சைப் பொய். நானும் சேர்ந்து தலையாட்டுவேன்.

அறையில் ஆட்களை எண்ணினேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் சுவரோரக் கட்டிலைப் பார்த்தேன்.

காலியாக இருந்தது.

வீட்டை வாங்கியபோது அதோடு சேர்ந்து வந்த பழைய இரும்புக் கட்டில். மேலே மெத்தை, துவைத்து விரித்த போர்வை. இதைச் சும்மா போட்டுவிட்டு எவனாவது தரையில் நசுங்கிக் கிடப்பானா? எனக்குப் பொறி தட்டியது. போர்வைக்குள் கையை விட்டேன்.

கதகதவென்று இருந்தது.

"எங்கய்யா ஒளிச்சு வச்சிருக்கீங்க அவன?"

போட்ட சத்தத்தில் எல்லோரும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்கள். குளியலறையைத் திறந்தேன். ஒரு வாளியும் ஈரத் துண்டும்தான் இருந்தன. அலமாரிக்குள்ளும் பார்த்தாயிற்று. திரும்பி வந்து மெத்தையைத் தொட்டேன். முன்னைவிடச் சூடாக இருந்தது.



அவர்களில் மூத்தவனான மீசைக்காரன் முன்னால் வந்தான். குளிர்ப்பதனக் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன். இந்த ஊர் மொழியில் பேசினான். அது அவனுக்கும் இரவல், எனக்கும் இரவல்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. அவரு எங்க ஆளு இல்ல, உங்க ஆளு. நாங்க வர்றதுக்கு முன்னாடியே இங்க படுத்திருக்காரு. பகல் முழுக்கத் தூங்குவாரு. பாவம், தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு கட்டில விட்டுட்டோம்."

"எங்க ஆளுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பொழுது சாயுறப்ப உங்க பாஷையில கெஞ்சுவாரு ஐயா." அவன் கண்ணை மூடிக்கொண்டு, அர்த்தம் தெரியாத பாடத்தை ஒப்பிக்கும் பிள்ளையைப் போல அந்தச் சத்தத்தை அப்படியே சொன்னான்.

"அஞ்சு நிமிசம்... அஞ்சே நிமிசம்..."

பிறகு, "அதுக்கு என்ன ஐயா அர்த்தம்?" என்றான். மற்றவர்களும் என் வாயையே பார்த்தார்கள்.



அந்தக் காலத்தில் இதே அறையில் நாங்கள் இவர்களைவிட அதிகம் பேர். கட்டிலுக்கு இரண்டு ஆள். பகல் வேலைக்காரன் ராத்திரி படுப்பான், ராத்திரி வேலைக்காரன் பகலில் படுப்பான். கட்டில் ஆறவே ஆறாது. வேலை விட்டு வருகிறவன்தான் படுத்திருப்பவனை எழுப்ப வேண்டும். நாளெல்லாம் குளிரில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு அந்தச் சூட்டுக்குள் புகுந்துகொண்டால் போதும். எவ்வளவு கெஞ்சினாலும் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. என் கட்டிலில் பகலில் படுத்தவர், குளிர்ப்பதனக் கிடங்கில் ராத்திரி வேலை பார்த்த ஓர் அண்ணன். நானும் போர்வையை உருவிவிட்டு, அவர் எழுந்ததும் படுத்துக்கொள்வேன்.

கடைசியாக உருவிய அன்று ராத்திரி, கிடங்குக்குள் மாட்டிக்கொண்ட அவருக்குக் கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை. காலையில் என்னை எழுப்ப யாரும் வரவில்லை.

"காலி பண்ணணுமா ஐயா?" மீசைக்காரன் குரல் உடைந்திருந்தது. "நாங்க எங்கயாவது போய்க்கிறோம். இவர யாரு பாத்துப்பாங்க?"

வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.  வெட்கமாக இருந்தது.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையை மேலே இழுத்துவிட்டேன்.

"தூங்குண்ணா. இன்னைக்கு லீவு."

கட்டில் கம்பி கிறீச்சிட்டது. சுவரோரமாக ஒதுங்கி, யாரோ எனக்கு இடம் விட்டார்கள்.