எல்லாருக்கும் கேட்கும் மைக்

"மழை வருது, உப்ப மூடுங்க!" என்று ஆபீஸ் கழிவறை ஸ்பீக்கர்கூடக் கத்தியது.

உப்பளத்துக் கம்பங்களில் மாட்டிய ஸ்பீக்கர்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

உப்பு முதலாளிகள் சங்கத் தலைவர் அப்பாதுரை, திறப்பு விழா சால்வையோடு மைக்கை இறுகப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். ‘ஒரே குரல், உப்பளம் முழுக்க’ என்று தலைக்கு மேல் ஃபிளெக்ஸ்.

கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. விடியலில் வாரிய உப்பு, வரப்பு நெடுக மூடாமல் கிடந்தது. வாரியவர்கள் கொட்டகையில் அசந்து தூங்கினார்கள். அதில், இந்த ஸ்பீக்கர் நெட்வொர்க்கைப் போட்ட ஜெயப்ரியாவின் அம்மா திரௌபதியும் ஒருத்தி. போனை எடுக்கவில்லை.

"ஏம்மா, எல்லாருக்கும் கேக்கும்னுதான சொன்ன?" என்று தலைவர் பாய்ந்தார்.

ஜெயப்ரியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மைக்கில் பேசுவது போவது நாலு இடத்திலும் 255 போட்ட முகவரிக்கு. அதற்கு அனுப்பினால் அந்த நெட்வொர்க்கில் இருக்கிற அத்தனை கருவிக்கும் போகும். ரவுட்டரை மட்டும் தாண்டாது. போன வாரமே சொன்னாள். "கொட்டகைக்காரங்க நம்ம லைன்ல வரக் கூடாது, நடுவுல ரவுட்டரப் போட்டுப் பிரி" என்று ஒற்றைக்காலில் நின்றவர் இவர்தான். "டெல்லிக்கே போற சிக்னல், தெருவத் தாண்டாதா?" என்று சிரித்தவரும் இவர்தான்.

ரவுட்டரிலிருந்து உப்பளத்து ஒயரைப் பிடுங்கி, ஆபீஸ் சுவிட்சில் செருகினாள். அவர் கையிலிருந்த மைக்கிலேயே குனிந்து கத்தினாள்.

"யம்மா, மழை! எல்லாரையும் எழுப்பு, உப்ப மூடுங்க!"

கம்பங்கள் அலறின. கொட்டகையிலிருந்து ஆட்கள் தார்ப்பாயோடு ஓடினார்கள். அவிழ்ந்த கொண்டையோடு அம்மா எல்லாருக்கும் முன்னால்.

தலைவருக்கு ஒயர் மாறியது மட்டும்தான் தெரிந்தது.

"யாரக் கேட்டு அவங்கள நம்ம லைன்ல சேத்த? கரைஞ்சா கரையட்டுமே! அந்தக் கூட்டத்துக்குக் கூலியும் மிச்சம், இன்சூரன்ஸும் எனக்குத்தான வருது!"

ஜெயப்ரியா போய் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

வெளியே கம்பம் கம்பமாக அவர் குரல் சற்றுத் தாமதமாக முடிந்துகொண்டிருந்தது: "...எனக்குத்தான வருது!"

தலைவர் அப்போதுதான் தன் கையிலிருந்த மைக்கைப் பார்த்தார்.

தார்ப்பாய் விளிம்பில் கடைசிக் கல்லையும் வைத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது.

ஒருவரும் கொட்டகைப் பக்கம் ஒதுங்கவில்லை. ஆபீஸைப் பார்த்து நடந்து வந்தார்கள்.