சிலாபத்துக் கருவாடு

“சிலாபமும் சரிப்படாது, அழகம்மை.” நோர்வூட் தேயிலைத் தோட்ட வீட்டுக்குத் திரும்பிய வடிவேல் ஈரக் குடையை மூலையில் சாத்தினான்.

“அங்க என்னங்க குறை?”

“கிணத்துத் தண்ணியெல்லாம் உப்பு. புள்ளைகளுக்கு ஆகாது.”

“மன்னார்ல வெயிலு, திருகோணமலையில வாடகைன்னீங்க. இந்தக் குளிர்ல சின்னவனுக்கு மூச்சிழுப்பு நிக்காது, கடல் பக்கம் போயிருங்கன்னு டாக்டர் சொல்லி வருசமாச்சு.”

“நான் என்ன சும்மாவா இருக்கேன்? ரெண்டு நாளா ரயில்லயும் பஸ்லயும் அலைஞ்சு, வீடு வீடா ஏறி எறங்கிட்டு வர்றேன். இந்தா, கடற்கரையில வாங்கின கருவாடு.”

அழகம்மை பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே, தேயிலைப் பெட்டியில் ஒட்டும் ஈயத்தாள். பக்கத்து மலை ஊரான அட்டனின் கடைகளில் கருவாட்டை அதில்தான் சுற்றித் தருவார்கள். மீன் மேலெல்லாம் தேயிலைத் தூள் அப்பியிருந்தது.

“மூணு தடவையும் அட்டனைத் தாண்டவே இல்லையா நீங்க?”

வடிவேல் பொட்டலத்தை வாங்கி மறுபடி சுற்றப் பார்த்தான். உள்ளே சின்னவன் மூச்சுக்குத் திணறி இருமத் தொடங்கினான்.

“இந்த மலைய விட்டுப் போக மனசில்லேன்னா, என்கிட்டச் சொல்லியிருக்கலாம்,” என்றாள் அழகம்மை. “அவன்கிட்ட யாருங்க சொல்றது?”