நூற்றைம்பது றாத்தல்

எண்பத்தோராம் ஆண்டு கல்முனையில் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்குப் பளு தூக்க இருந்த ஒரே ஆள் என் மச்சான் இஸ்ஸதீன். அவன் வேலை செய்த அரிசி ஆலையில், நூற்றைம்பது றாத்தல் நெல் மூட்டையைப் பாட்டுப் பாடிக்கொண்டே தலைக்கு மேலே தூக்கி அடுக்குவான். அதே பாரத்தை இரும்புக் கம்பியில் கோத்துக் கொடுத்தால் நெஞ்சோடு நின்றுவிடுவான்.

"இது கூடப் பாரம் மச்சான். எனக்கு ஏலாது."

ஆலைத் தராசில் இரண்டையும் நிறுத்து, ஒரே பாரம்தான் என்று காட்டினேன். நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பில் போட்டி. எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அஸர் தொழுதுவிட்டு ஆலைக்கு வந்து, கம்பியையும் அதன் சீமெந்துத் தட்டுகளையும் நெல் சாக்குகளால் சுற்றிக் கட்டினேன்.

"மூட்டையெண்டு நினைச்சுத் தூக்கித் தொலைடா!"

பிஸ்மி சொல்லித் தூக்கினான். பாரம் தலைக்கு மேலே போய் நின்றது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கிவிட்டது.

"போதும், இறக்கு."

பாரம் அசையவில்லை.

"இறக்குடா எண்டா! கையெல்லாம் பிசகப் போகுது!"

"நான் எப்பயோ கைய எடுத்திட்டனே மச்சான்."

குரல் என் பின்னாலிருந்து வந்தது. இஸ்ஸதீன் வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

நாலு பேர் பிடித்துத் தொங்கியும் அது இறங்கவில்லை. மூட்டை சுமக்கிறவர்கள் அந்த இடத்தில் குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள். இஸ்ஸதீனும் குனிந்துதான் போனான்.

சனிக்கிழமை, போட்டிக்கு வரும்படி அவனிடம் கெஞ்சினேன். அண்ணாந்து அதைப் பார்த்தான்.

"அது கூடப் பாரம் மச்சான். எனக்கு ஏலாது."