அளவெடுக்க வந்தவள்

"கையைக் கொஞ்சம் தூக்கு, கண்ணு" என்றாள் தையல்காரி. கனிவாக ஒரு கை தன்மேல் பட்டே எத்தனையோ காலமாகிவிட்டதால், அளவு நாடா மார்பைச் சுற்றி வந்தபோது கடைக்குட்டிக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் அவள் உறுதிமொழி எடுக்க வேண்டும். அதற்கான வெள்ளை அங்கிக்குத்தான் இந்த அளவு. அதை ஒருமுறை உடுத்தியவள் சாகும்வரை இல்லத்தைவிட்டுப் போக முடியாது.

அந்தப் பயிற்சி இல்லத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. வரிசையில் கடைசியாக நிற்பதால் இவள் கடைக்குட்டி. கடவுளைத் தேடி, தானே அடம்பிடித்து வந்து சேர்ந்தவள். வாசலில் விட்டுவிட்டுப் போனபோது அழுதவள் அம்மாதான். இவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

தையல்காரி நாடாவைத் தோளில் வைத்தாள், இடுப்பில் வைத்தாள். ஓரிடத்திலும் எண்ணைப் பார்க்கவில்லை. பார்வை முழுக்கப் பெண்ணின் முகத்திலேயே இருந்தது.

"நானும் இங்க இருந்தவதான்" என்றாள், குரலைத் தாழ்த்தி.

கடைக்குட்டி கதவுப் பக்கம் பார்த்தாள். வெளியாட்களோடு பேசினால் பட்டினி.

தையல்காரி தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் காலத்திலும் இல்லத்துத் தலைவியம்மா ஒரு பழத்தைக் கடித்துவிட்டு வரிசையில் கொடுப்பாராம். அவர் கடித்த இடத்திலேயே ஒவ்வொருத்தியும் கடிக்க வேண்டுமாம். முகத்தைச் சுளித்தால் அகங்காரம் இன்னும் போகவில்லை என்று அர்த்தமாம்.

இப்போதும் அதேதான், கடைக்குட்டியோ வரிசையில் கடைசி. அவள் கைக்கு வரும்போது அது பழமாகவா இருக்கும்? அத்தனை பேர் எச்சிலும் வழிகிற கொழகொழத்த கொட்டை. அதைக் கண்ணை மூடிக்கொண்டு சப்பிவிட்டு நன்றி சொல்ல வேண்டும்.

எல்லோருடைய கால்களையும் ஒரே தொட்டியில் கழுவி, அந்த அழுக்குத் தண்ணீரிலேயே முகம் கழுவிய கதையையும் தையல்காரி சொன்னாள். தட்டில் மிச்சம் வைத்த சாப்பாடு ஊசிப்போய் நூல்விட்ட பிறகும், அடுத்த வேளைக்கு அதே தட்டில் வந்து உட்காருமாம்.

"அதைக்கூட மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கிடலாம். சாயங்காலமானா எழுந்து நின்னு பக்கத்துப் படுக்கைக்காரியைக் காட்டிக்கொடுக்கணும் பாரு, அதான் என்னால முடியல."

கடைக்குட்டியின் கண்கள் நிறைந்துவிட்டன. தூக்கத்தில் இவள் அம்மாவைக் கூப்பிட்டாள் என்று பக்கத்துப் படுக்கைக்காரி ஒருநாள் எழுந்து நின்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே கடைக்குட்டியின் தலையை மழித்தார்கள். சொன்னவள் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த முகம் எச்சில் கொட்டையைவிட அருவருப்பாக இன்னமும் அவள் கண்ணிலேயே நின்றது.

நாடாவைச் சுருட்டியபடி தையல்காரி கேட்டாள். "போன வாரம் உங்கம்மா வந்திருந்தது தெரியுமா? வெயில்ல நின்னுக்கிட்டே இருந்தாங்க. நீ பார்க்க இஷ்டமில்லேன்னு சொல்லிட்டதா சொல்லி, இவங்க திருப்பி அனுப்பிட்டாங்க."

கடைக்குட்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பின்பக்கம் தன் வண்டி நிற்கிறது, ஏறினால் ஒரே ஓட்டமாக அம்மாவிடம் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்றாள் தையல்காரி. ஆனால் தான் இழுத்துக்கொண்டு போனதாக நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. "நீயா உன் வாயால சொல்லணும், கண்ணு."

மனதில் உள்ளதைப் பேசிப் பழக்கம் விட்டுப்போன தொண்டையிலிருந்து முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வார்த்தைகள் வந்தன.

"எனக்கு இங்க எல்லாமே குமட்டுது. தலைவியம்மா கையைப் பார்த்தாலே குமட்டுது. கடவுளைத் தேடித்தான் வந்தேன், அவர் இங்க இல்லை. நான் எங்கம்மாகிட்டப் போறேன்."

தையல்காரி அவளுடைய மொட்டைத் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவள் கண்களிலும் ஈரம் பளபளத்தது.

இருவரும் சமையலறையின் பின்கதவு வழியாக இறங்கி, சாக்கடை ஓரமாகவே நடந்தார்கள். பின்வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அதைத் தாண்டும்போது கடைக்குட்டி நின்று, இத்தனை காலமாக விழுங்கியதையெல்லாம் சேர்த்துவைத்துப் படியில் காறித் துப்பினாள். நெஞ்சு லேசாகிவிட்டது. அம்மாவைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது, கட்டிக்கொள்வதா, காலில் விழுவதா என்று யோசித்தபடியே வண்டிக் கதவைத் திறந்தாள்.

உள்ளே தலைவியம்மா உட்கார்ந்திருந்தார். மடியில், புதிதாக வந்து சேர்கிறவர்களுக்குக் கொடுக்கும் சாம்பல்நிற உடுப்பு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

கடைக்குட்டி திரும்பிப் பார்த்தாள். தையல்காரி நிதானமாகப் பின்வாசலுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, கைகட்டி நின்றாள்.

"இவளும் தேறலைங்கம்மா."